தாவர உணவின் சத்து உடலில் சேரும் வழி: சேர்க்கை, சமையல், மூலிகை அளவு

நோய் எதிர்ப்பாற்றலை ஒரு வாரத்தில் கூட்டித் தரும் காயோ கனியோ மூலிகையோ கிடையாது. வெள்ளையணுக்கள், தோல், குடலின் உட்சுவர், எதிர்ப்புப் புரதங்கள் எனப் பலவும் சேர்ந்து இயங்கும் அந்த அமைப்பு, புரதமோ இரும்போ துத்தநாகமோ வைட்டமின்களோ குறையும்போது தளர்கிறது. குறை நீங்கியதும் மீள்கிறது. அதற்கு மேல் சேர்ப்பதால் பெரும்பாலும் பயன் இருப்பதில்லை. அன்றாடம் வைட்டமின் சி மாத்திரை எடுப்பவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே சளி பிடிக்கிறது; அது நீடிக்கும் காலம் மட்டுமே சற்றுக் குறைகிறது. ஆகவே அரிய மூலிகையைத் தேடுவதற்கு முன், ஏற்கெனவே உண்பவற்றின் சத்து உடலில் சேர்கிறதா என்று பார்ப்பதே முறை.

காரணம் புரியாத களைப்புக்குப் பின்னால் அடிக்கடி இருப்பது இரும்புச்சத்துக் குறைபாடு. தாவர உணவிலுள்ள இரும்பு, இறைச்சியிலுள்ளதைப் போல எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. ஆனால் அதே வேளையில் வைட்டமின் சி உள்ள ஒன்றையும் உண்டால் உறிஞ்சுதல் கணிசமாகக் கூடுகிறது. பயறு வகைகளின் மீது எலுமிச்சைச் சாற்றைப் பிழியலாம். பச்சைக் குடைமிளகாயையோ ஒரு துண்டு கொய்யாவையோ உடன் உண்ணலாம். 100 கிராம் ஆரஞ்சில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்க, அதே எடையுள்ள கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதால், கிடைக்கும் இடங்களில் கொய்யாவையே முதலில் சொல்வேன். தேநீரும் காபியும் இதற்கு நேர்மாறாக இரும்பைப் பிணைத்துக்கொள்கின்றன. அவற்றை உணவுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளிப் பருகுவது, புதிதாக எதையும் வாங்காமலே செய்யக்கூடிய திருத்தம். பயறுகளிலும் முழுத் தானியங்களிலும் உள்ள பைட்டிக் அமிலம் இரும்பு, துத்தநாகம் இரண்டையும் தடுக்கும். இரவில் ஊறவைத்து அந்த நீரை வடித்துவிட்டுச் சமைத்தால் அது ஓரளவு குறையும். முளைகட்டினாலோ புளிக்கவைத்தாலோ இன்னும் குறையும். இரும்புக்குப் பசலைக்கீரை பெற்றிருக்கும் புகழ் அதன் தகுதிக்கு மிஞ்சியது. அதிலுள்ள இரும்பில் சிறு பங்கே உடலுக்குச் சேர்கிறது.

சமைக்கும் முறையும் சத்துக்குச் சத்து வேறுபடுகிறது. வைட்டமின் சி நீரில் கரைந்து வெளியேறும், வெப்பத்திலும் சிதையும். எனவே அது மிகுந்த காய்களை நறுக்கி நீரில் ஊறப்போடாமல், ஆவியில் குறைந்த நேரம் வேகவைக்க வேண்டும். கேரட், பூசணி, அடர்பச்சைக் கீரைகள் ஆகியவற்றில் உள்ளதும் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்வதுமான பீட்டா கரோட்டினுக்கும், தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீனுக்கும் இது பொருந்தாது. வெந்து இளகிய காயிலிருந்தே அவை எளிதில் வெளிப்படுகின்றன. கொழுப்பில் கரைபவை என்பதால் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ ஒரு கைப்பிடி கொட்டைப் பருப்போ உடன் இருக்க வேண்டும். கொழுப்பே இல்லாத கேரட் சாற்றிலிருந்து உடலுக்குச் சேர்வது குறைவு.

நாள் முழுவதும் சோர்வின்றி இருக்க, முழுத் தானியத்துடன் பயறு சேர்ந்த உணவே நம்பத்தக்கது. அதிலுள்ள நார்ச்சத்தும் புரதமும் மாவுச்சத்தை மெதுவாகச் செரிக்கவைக்கின்றன. பழத்தைச் சாறாக்கி வடிகட்டுவது இந்தப் பயனைப் பெரிதும் போக்கிவிடுகிறது. வயது வந்தோர் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கனிகளும் 25 கிராம் நார்ச்சத்தும் உட்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நாரைக் குடல் நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்யும்போது உருவாகும் பியூட்டிரேட் போன்ற அமிலங்கள், பெருங்குடல் சுவரின் செல்களுக்கு உணவாகின்றன.

பாலும் முட்டையும்கூடத் தவிர்ப்பவர்களுக்கு ஒரு செய்தி: வைட்டமின் பி12 தேவையைத் தாவர உணவை மட்டும் நம்பி நிறைவு செய்ய முடியாது. பி12 சேர்த்துச் செறிவூட்டப்பட்ட உணவையோ பி12 மாத்திரையையோ தொடர்ந்து எடுக்காவிட்டால், ஆண்டுகள் கழித்துச் சோர்வாகவும் கைகால் மரத்துப்போதலாகவும் அக்குறை வெளிப்படக்கூடும்.

இனி மூலிகைகள். பூண்டை நசுக்கியதும்தான் அதன் நொதி, பூண்டின் காரமணத்துக்குக் காரணமான அல்லிசின் என்ற பொருளை உருவாக்குகிறது. நசுக்கிய உடனே கொதிக்கும் எண்ணெயில் போட்டால் நொதி அழிந்துவிடும் என்பதால், பத்து நிமிடம் விட்டுச் சேர்ப்பது நல்லது. மஞ்சளுக்கு நிறம் தரும் பொருளான குர்க்குமின் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. மிளகுக்குக் காரம் தரும் பைப்பரின் அந்த உறிஞ்சுதலைக் கூட்டும் என்பது 1998இல் வெளியான ஓர் ஆய்விலிருந்தே தெரிந்தது. ஆயினும் அந்த ஆய்வில் பயன்பட்டது 2 கிராம் தூய குர்க்குமின். மஞ்சள் தூளின் எடையில் குர்க்குமின் சில விழுக்காடே இருக்கும். எனவே சமையலில் இடும் மஞ்சளை மருந்தாகக் கணக்கிட வேண்டியதில்லை. இஞ்சி குமட்டலைத் தணிக்கும் என்பதற்கு ஓரளவு நல்ல சான்று உண்டு.

சமையல் அளவைத் தாண்டி, செறிவூட்டிய மாத்திரையாக மூலிகையை எடுக்கும்போது எச்சரிக்கை மிக அவசியம். அதிமதுரத்தை நாள்தோறும் உட்கொண்டால் இரத்த அழுத்தம் உயரும், பொட்டாசியம் குறையும். அசுவகந்தா, சீந்தில், செறிவூட்டிய மஞ்சள் ஆகிய மூன்றிலும் கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியுள்ளன. கருவுற்றவர்கள் அசுவகந்தாவைத் தவிர்க்க வேண்டும், தைராய்டு மருந்து எடுப்போர் மருத்துவரைக் கேளாமல் தொடங்கக் கூடாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள் கீரையை நிறுத்த வேண்டாம். இரத்தம் உறைய உதவும், கீரையிலுள்ள வைட்டமின் கே ஏறி இறங்காதவாறு வாராவாரம் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டால் போதும். பூண்டு மாத்திரை இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால், அறுவை சிகிச்சைக்கு முன்பே அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். எந்த மூலிகை மாத்திரையாயினும், சிறுநீர் அடர்நிறமாக மாறினாலோ கண் மஞ்சளித்தாலோ உடனே நிறுத்தி, அதன் உறையையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.