வீட்டிலேயே அளைந்து விளையாட: கைக்குழந்தைக்கு ஏற்ற சில வழிகள்

ஏறத்தாழ ஆறு மாதமாகி, தலை நன்றாக நின்று, பிடித்துக்கொண்டால் உட்காரும் குழந்தைக்குக் கூழையும் தண்ணீரையும் கையால் அளைந்து விளையாடக் கொடுக்கலாம். ஆனால் எதைக் கொடுப்பது என்பதை அதன் கையை வைத்து முடிவு செய்யாமல் வாயை வைத்தே முடிவு செய்ய வேண்டும். இந்த வயதில் எந்தப் பொருளையும் வாயில் வைத்துப் பார்த்தே குழந்தை அறிந்துகொள்கிறது என்பதால், தட்டில் இருப்பது சற்று நேரத்தில் நாக்குக்குப் போய்விடும்.

ஆகவே, வெந்து ஆறிய உணவுப் பொருளே பாதுகாப்பானது. பச்சை மாவில் சால்மோனெல்லா, ஈ.கோலி போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். உப்புப் போட்டுப் பிசைந்த விளையாட்டு மாவில் உள்ள உப்பு குழந்தையின் உடலுக்குத் தாங்காது. தேன் ஒரு வயது நிறையும்வரை எந்த வடிவிலும் கூடாது. உலர்ந்த பயறு வகைகள் மூச்சுக்குழாயில் சிக்கலாம். தண்ணீரில் ஊறிப் பெருகும் வண்ண ஜெல் மணிகள் வயிற்றுக்குள் போனால் அங்கும் பெருகிக் குடலை அடைத்துவிடும் என்பதால், அவை வீட்டிலேயே இருக்க வேண்டாம் என்பேன்.

தொடங்குவதற்கு ஏற்றது கார்ன்ஃப்ளார் கூழ். ஒரு கப் குளிர்ந்த தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரைக் கட்டியில்லாமல் கரைத்து, மிதமான தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். பால்போல் வெண்மையாக இருந்த கலவை, கொதி வந்ததும் திடீரென இறுகிப் பளபளப்பாகும். மேலும் ஓரிரு நிமிடம் கிளறி இறக்கி, நடுப்பகுதியும் ஆறிவிட்டதா என்று விரலை உள்ளே விட்டுப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும், ஏனெனில் மேற்பரப்பு ஆறினாலும் உள்ளே சூடு நெடுநேரம் நிற்கும். நிறம் வேண்டுமென்றால் வேகவைத்த பீட்ரூட்டின் சாற்றைக் கலக்கலாம். மறுநாள் டயபர் சிவந்திருந்தால் அப்போது பதற வேண்டியதில்லை.

தண்ணீருக்குத் தயாரிப்பே தேவையில்லை. அகலமான தட்டில் ஒரு விரற்கடை உயரத்துக்கு வெதுவெதுப்பான நீரை ஊற்றி, ஒரு கரண்டியையும் ஒரு கிண்ணத்தையும் வைத்தால் போதும். அந்தக் கொஞ்ச நீரிலும் முகம் குப்புற விழுந்தால் ஆபத்து என்பதால், கைக்கெட்டும் தூரத்தில் நீங்கள் இருந்தே ஆக வேண்டும். தொலைபேசி அடித்தால் குழந்தையையும் தூக்கிக்கொண்டே போங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பொருளே போதும். ஐந்தாறு நிறங்களில் அடுக்கிய தட்டு படத்துக்கு அழகாக இருக்குமே தவிர, குழந்தைக்கு அதனால் கூடுதல் பயன் இல்லை. பசியும் தூக்கமும் இல்லாத வேளையில், குளிப்பாட்டுவதற்குச் சற்று முன் வைத்துக்கொள்வது வசதி. பால், கோதுமை, முட்டை போன்று ஒவ்வாமை தரக்கூடியவற்றை முதலில் உணவாகக் கொடுத்துப் பழக்கிய பிறகே விளையாட்டில் சேர்க்க வேண்டும்.

சில குழந்தைகள் கூழைத் தொட்டதும் விரல்களை விரித்துக்கொண்டு கையைப் பின்னுக்கு இழுக்கும், சில முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்போது கையைப் பிடித்து உள்ளே அழுத்துவது வெறுப்பைத்தான் வளர்க்கும். கரண்டியைக் கொடுத்துக் கிளறவிடலாம், அல்லது கூழைக் கெட்டியான ஜிப் பையில் போட்டு, ஓரங்களைத் தரையோடு டேப்பால் ஒட்டி, மேலிருந்து அழுத்திப் பார்க்க விடலாம். குப்புறப் படுத்து விளையாடும் குழந்தைக்கும் இது பொருந்தும். நீங்களே முதலில் கையை விட்டு அளைந்து காட்டினால், பல குழந்தைகள் சில நாள்களில் தாமாகவே தொடும்.

கீழே பழைய படுக்கை விரிப்பைப் போட்டு, டயபரோடு மட்டும் உட்கார வைத்தால் சுத்தம் செய்யும் வேலை பாதியாகும். மிஞ்சிய கூழை எடுத்துவைக்காமல் வழித்துக் குப்பையில் போட வேண்டும்; சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் படிந்து அடைத்துக்கொள்ளும்.