எலைட்: நிலையத்துக்குள் நுழைவது எப்படி

பிபிசி மைக்ரோ கணினியில் 1984இல் வந்த எலைட் என்ற விண்வெளி விளையாட்டில் கடற்கொள்ளையரைச் சுடுவது பெரிய வித்தையல்ல. தொடக்க இடமான லாவே கிரகத்தைச் சுற்றும் விண்வெளி நிலையத்துக்குள் உயிரோடு நுழைவதுதான் வித்தை. சுழலும் பன்முக வடிவம், அதன் ஒரு முகத்தில் மெல்லிய செவ்வக வாசல். வேகமாக வந்து உரசினால் கப்பல் சாம்பல். தானாக நுழைக்கும் கருவியின் விலை விளையாட்டுப் பணத்தில் 1500 கிரெடிட். தொடக்கத்தில் கையில் கொடுப்பதோ 100.

வாசல் எப்போதும் கிரகத்தைப் பார்த்தே இருக்கிறது என்பதைக் கவனித்த பிறகுதான் எனக்குக் கைகூடியது. நிலையத்தை நோக்கி நேராகப் போவதை விட்டேன். முதலில் நிலையத்துக்கும் கிரகத்துக்கும் இடையிலுள்ள கோட்டுக்குப் போய், போதிய தூரத்தில் திரும்பிக்கொள்வேன். வாசல் முகத்தின் நடுவில் தெரிந்து, பக்கச் சுவர்கள் கண்ணில் படாவிட்டால் கோடு சரி. ஒரு பக்கச் சுவர் தெரிந்தால் முன்னேறக் கூடாது. விலகிச் சென்று மறுபடி வர வேண்டும். இதில் சோம்பல்பட்டால் பிறகு எந்தச் சாமர்த்தியமும் உதவாது.

தொலைவிலிருந்தே சுழற்சியைத் துரத்துவது வீண் வேலை. வேகத்தைக் குறைத்து, அருகில் வந்ததும் கப்பலை உருட்டும் விசைப்பலகை விசைகளை விட்டுவிட்டுத் தட்டி, வாசலைக் கிடைமட்டமாக வைத்துக்கொண்டால் போதும். சற்றுச் சாய்ந்திருந்தாலும் விளையாட்டு பொறுத்துக்கொள்கிறது.

பழகுவதற்குச் செலவில்லாத வழி உண்டு. புறப்பட்டு வெளியே வரும்போது கிரகம் நேர் எதிரே, வாசல் நேர் பின்னே. கொஞ்ச தூரம் போய், அரை வட்டம் திரும்பி, வந்த வழியே நுழையலாம்.