கரஸ்ல பிஎச்.டி. பண்ணலாமா? பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

"மேடம், கரஸ்ல பிஎச்.டி. எங்க பண்ணலாம்? ஃபீஸ் கம்மியா இருக்கணும்."

பள்ளி ஆசிரியர்கள், சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்ப்பவர்கள், ஐடி கம்பெனியில் இருப்பவர்கள் என்று பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. கரஸ் என்றால் கரஸ்பாண்டன்ஸ், அதாவது தொலைநிலைக் கல்வி. கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. வேலையை விட முடியாது, குடும்பத்தை விட்டு வேறு ஊருக்குப் போக முடியாது, ஆனால் ஆராய்ச்சி செய்ய ஆசை இருக்கிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். வேலை பார்த்துக்கொண்டே 2017-ல் பதிந்து, 2024-ல் வைவா (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு) முடித்தேன். அந்த 7 வருஷத்தில் கற்றதை, இப்போதுதான் ஆரம்பிக்கிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: பட்டத்தை எங்கே காட்டப் போகிறீர்கள்?

பல்கலைக்கழகம் தேடுவதற்கு முன்னால் இதை ஒரு தாளில் எழுதுங்கள். கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கா? இருக்கும் வேலையில் பதவி உயர்வுக்கா? வெளிநாட்டில் வேலை தேடவா? மனத்திருப்திக்கு மட்டுமா? அங்கீகாரம் என்பது சான்றிதழில் அச்சடித்து வருவதில்லை. அதை வாங்கிப் பார்க்கும் அலுவலகம் ஏற்றுக்கொள்கிறதா என்பதுதான் அங்கீகாரம். அதனால் முதல் விசாரிப்பு அந்த அலுவலகத்தில்தான். உங்கள் கல்லூரி நிர்வாகத்திடமோ, கம்பெனி எச்.ஆரிடமோ எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை நாளைக்கு உதவாது.

படி 2: இந்தியாவில் 'கரஸ் பிஎச்.டி.' கிடையாது

இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. 2022 நவம்பரில் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பிஎச்.டி. விதிமுறைகள், எந்தக் கல்வி நிறுவனமும் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. நடத்தக் கூடாது என்கின்றன. அதற்கு முந்தைய 2016 விதிகளும் தொலைநிலையைத் தடுத்தே இருந்தன. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அதுவும் நேரடி முறையில் நடப்பதுதான்.

அதே விதிமுறைகள் பகுதிநேர பிஎச்.டி.யைத் தெளிவாக அனுமதிக்கின்றன. நீங்கள் உண்மையில் தேடுவது இதைத்தான். வேலையில் இருந்துகொண்டே செய்யலாம். ஆனால் நுழைவுத் தேர்வு, கோர்ஸ் ஒர்க் (ஆய்வோடு படித்து முடிக்க வேண்டிய பாடங்கள்), ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் செமஸ்டருக்கு ஒரு முறை முன்னேற்றம் காட்டுவது, கடைசியில் வைவா என்று எல்லாம் முழுநேர மாணவருக்கு உள்ளதுபோலவே உண்டு. கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட். மொத்தக் காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. நீட்டிப்பு வாங்கினால் 8 வரை போகலாம். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் 2 ஆண்டு கூடுதல். மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காகப் பெண்களுக்கு 240 நாள் வரை விடுப்பும் உண்டு. இதெல்லாம் சலுகை இல்லை, விதியிலேயே இருக்கும் உரிமை. கேட்டு வாங்குங்கள்.

இந்த 3 ஆண்டுக் கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்வேன். என்னுடன் வேலை பார்த்த ஒருவர், 'வர வேண்டியதே இல்லை, ஆய்வேடும் நாங்களே பார்த்துக்கொள்வோம்' என்று வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தை நம்பி, மூன்று தவணையாகப் பணம் கட்டினார். ரசீது இல்லை, தனிநபர் கணக்கு. பட்டமும் வந்தது, தங்க முத்திரையோடு. வேறொரு கல்லூரியில் நேர்காணலுக்குப் போனபோது, குழுவில் இருந்த மூத்த பேராசிரியர் பதிவு ஆணையையும் ப்ரொவிஷனல் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரல்விட்டு மாதங்களை எண்ணினாராம். 22 மாதம். கோப்பை மூடி நீட்டிவிட்டார். போன பணத்தைவிட, அந்த மனிதர் அதன்பிறகு எந்த நேர்காணலுக்கும் போகவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

படி 3: பல்கலைக்கழகத்தைச் சோதிப்பது

1956-ஆம் ஆண்டு யுஜிசி சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, பட்டம் கொடுக்கும் அதிகாரம் நாடாளுமன்றச் சட்டத்தாலோ மாநிலச் சட்டத்தாலோ உருவான பல்கலைக்கழகத்துக்கும், நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. யுஜிசி இணையதளத்தில் மத்திய, மாநில, நிகர்நிலை, தனியார் என்று தனித்தனிப் பட்டியல் இருக்கிறது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் இருக்கிறது. இரண்டையும் பாருங்கள்.

பட்டியலில் பெயர் இருந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. 2025 ஜனவரியில் ராஜஸ்தானின் மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள், பிஎச்.டி. விதிகளை மதிக்கவில்லை என்பதற்காக 5 ஆண்டுக்குப் புதிதாக பிஎச்.டி. மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று யுஜிசி தடை போட்டது. மூன்றும் முறையாகச் சட்டப்படி வந்தவைதான். அதனால் யுஜிசியின் பொது அறிவிப்புகள் பக்கத்தையும் ஒருமுறை மேலிருந்து கீழே படித்துவிடுங்கள்.

விளம்பரத்தில் மயக்கும் சொற்கள் சில உண்டு. 'ஐஎஸ்ஓ சான்று பெற்ற பல்கலைக்கழகம்' என்பார்கள். ஐஎஸ்ஓ நிர்வாக முறைக்கான சான்று, பட்டம் கொடுக்கும் அதிகாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் கிரேடு தரத்தைச் சொல்லும், அதிகாரத்தைக் கொடுக்காது. கட்டடத்தைப் பார்த்தும் நம்பாதீர்கள். 2023-ல் சென்னையில் ஒரு தனியார் அமைப்பு, அண்ணா பல்கலைக்கழக அரங்கிலேயே விழா வைத்துப் பலருக்குப் போலி கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது செய்தியானது. மேடை பல்கலைக்கழகத்துடையதாக இருந்தது, பட்டம் அப்படி இல்லை.

படி 4: கைடைத் தேடுவது

பாதி வெற்றி இதில்தான், எனவே அதிக நேரம் இதற்குக் கொடுங்கள். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் மட்டுமே வழிநடத்தலாம். ஆகவே தலைப்புக்கு முன்னால் 'வேகன்சி இருக்கிறதா' என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஓய்வுபெற 3 ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புது மாணவரைச் சேர்க்கக் கூடாது. கைடு அந்தப் பல்கலைக்கழகத்திலோ அதன் இணைப்புக் கல்லூரியிலோ நிரந்தரப் பணியில் இருப்பவராக இருக்க வேண்டும். ஏஜென்சி ஏற்பாடு செய்யும் 'கைடு' இந்த இடத்தில்தான் மாட்டுவார்.

அடுத்து, சோத்கங்காவைத் திறங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்துவைத்திருக்கும் இலவசத் தளம் அது. நீங்கள் நினைக்கும் கைடின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஒவ்வொரு ஆய்வேட்டின் பக்கத்திலும் தலைப்பு, ஆய்வாளர் பெயர், கைடு, பல்கலைக்கழகம், முடித்த தேதி எல்லாம் இருக்கும். அவரிடம் முடித்தவர்கள் எத்தனை பேர், எப்போது முடித்தார்கள், தலைப்புகள் ஒரே துறையைச் சுற்றி வருகின்றனவா அல்லது திசைக்கு ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு ஆய்வேட்டின் முன்னுரையையாவது படியுங்கள். பிறகு அவரிடம் முடித்த ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். "சார் சாப்டரைத் திருத்திக் கொடுக்க எத்தனை நாள் எடுப்பார்?" என்ற ஒரு கேள்விக்கு வரும் பதில், எந்த இணையதளத்திலும் கிடைக்காது.

படி 5: என்ஓசி

பகுதிநேரத்துக்கு உங்கள் நிறுவனத்தின் தடையில்லாச் சான்று கட்டாயம். அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி, ஆராய்ச்சிக்குப் போதுமான நேரம் பணியில் கிடைக்கும் என்ற உறுதி, தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்ற உறுதி. பல நிறுவனங்கள் முதல் வரியை மட்டும் எழுதிக் கொடுத்துவிடும். மூன்றையும் நீங்களே டைப் செய்து, லெட்டர்பேடில் கையெழுத்து மட்டும் வாங்குவது சுலபம்.

படி 6: செலவுக் கணக்கு

வருடக் கட்டணத்தை 3-ஆல் பெருக்கி முடித்துவிடாதீர்கள். வேலையோடு செய்பவர்கள் 6 ஆண்டுக்குக் கணக்குப் போடுங்கள். விண்ணப்பம், பதிவு, கோர்ஸ் ஒர்க் தேர்வு, சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்), ஆய்வேடு சமர்ப்பிப்பு என்று தனித்தனியாகக் கட்டணம் வரும். எனக்குக் கட்டணத்தைவிட பஸ்ஸும் ஜெராக்ஸும் பைண்டிங்கும்தான் அதிகம் தின்றன. கைடு இருக்கும் ஊர் உங்கள் ஊரிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் தூரமா என்பதைக் கட்டணத்துக்குச் சமமாக வைத்துப் பாருங்கள். அரசுப் பல்கலைக்கழகங்களின் கட்டணம் பொதுவாகத் தனியாரைவிடக் குறைவு, அதை முதலில் பாருங்கள்.

இன்னொன்று. வயதும் வீட்டு நிலையும் இடம் கொடுத்தால், நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதி ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கி முழுநேரமாகச் செய்வதை ஒருமுறை யோசியுங்கள். மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும்.

படி 7: வெளிநாட்டுப் பட்டம் என்றால்

இந்தியக் கல்லூரி வேலைதான் இலக்கு என்றால், வெளிநாட்டு ஆன்லைன் பிஎச்.டி.யை விட்டுவிடுங்கள். வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து எட்டெக் (இணையவழிக் கல்வி) கம்பெனிகள் தரும் ஆன்லைன் பிஎச்.டி. செல்லாது என்று யுஜிசியும், தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரில் கூட்டாக எச்சரித்தன.

வெளிநாட்டில் வாழ்பவர்களுக்குக் கதை வேறு. தென்னாப்பிரிக்காவின் யுனிசா 1946 முதல் தொலைநிலைக் கல்வி நடத்தும் அரசுப் பல்கலைக்கழகம். பிரிட்டனில் ஓபன் யுனிவர்சிட்டியில் பகுதிநேரமாகச் செய்யலாம். இலங்கையில் இருப்பவர்கள் நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகத்தை விசாரிக்கலாம், அந்நாட்டுத் தகைமைக் கட்டமைப்பில் கலாநிதிப் பட்டம் (அங்கே பிஎச்.டி.யை அப்படிச் சொல்வார்கள்) 12-ஆம் நிலை. அமெரிக்கப் பெயர் வந்தால், பல்கலைக்கழகம் சொல்லும் அங்கீகார அமைப்பையும் சோதியுங்கள். போலிப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்கென்று ஒரு போலி அங்கீகார அமைப்பையும் உருவாக்கிக்கொள்வது அங்கே பழைய தந்திரம். அமெரிக்கக் கல்வித் துறையின் தளத்திலோ, சியா என்ற உயர்கல்வி அங்கீகாரக் கவுன்சிலின் தளத்திலோ அந்த அமைப்பின் பெயர் இல்லை என்றால் விலகிவிடுங்கள்.

படி 8: பணம் கட்டும் நாள்

பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளம் வழியாகவோ, பதிவாளர் பெயரில் உள்ள கணக்குக்கோ மட்டும் கட்டுங்கள். ரசீதை அன்றே சேமித்து வையுங்கள். பிறகு வரும் பதிவு ஆணையில் உங்கள் பெயரின் எழுத்து, பதிவு எண், பதிவு தேதி, கைடின் பெயர், 'பகுதிநேரம்' என்ற சொல் ஆகிய ஐந்தையும் விரல் வைத்துப் படியுங்கள். எது தவறாக இருந்தாலும் அந்த வாரத்துக்குள் திருத்தக் கேட்டு எழுதிப் போடுங்கள். ஆய்வேடு கொடுக்கும் நேரத்தில் கேட்டால் அலைச்சல் பல மடங்கு.