குடியாத்தத்துக்கு ஒரே எழுத்து: டேப் விசைக்கு ஊர்ப்பெயர் சொல்லிக்கொடுப்பது எப்படி?

வேலூர் மண்டித் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பார்சல் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொடுக்கிறேன். அங்கே லினக்ஸ்தான். புக்கிங் எழுதுவதற்கு நான் செய்துகொடுத்த சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது. கறுப்புத் திரையில் இப்படி அடித்தால் போதும்:

பார்சல் குடியாத்தம் பண்டல் 6

அன்றைய தேதியோடு அந்த வரி பேரேட்டுக் கோப்பில் போய் உட்காரும். ஆறு மாதம் நன்றாகவே ஓடியது. ஒரு மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது குடியாத்தத்துக்குப் போன நூல் பண்டலில் ஒன்பது குறைந்தது. சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது, நெசவுக்காரர் கையெழுத்தும் இருக்கிறது, பேரேட்டில்தான் இல்லை. ராத்திரி பத்து மணிவரை தேடியதில் தெரிந்தது இதுதான்: பையன் ஒருநாள் 'குடியாதம்' என்று அடித்திருக்கிறான். பெரியவர் பழைய வழக்கப்படி 'குடியேற்றம்' என்று அடித்திருக்கிறார். நான் தேடியது 'குடியாத்தம்'.

நம் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஆற்காடு, ஆர்க்காடு. ராணிப்பேட்டை, இராணிப்பேட்டை. வாலாஜா, வாலாஜாபேட்டை. எதுவும் தப்பில்லை. ஆனால் கம்ப்யூட்டருக்கு ஒவ்வொன்றும் வேறு ஊர். 'பார்த்து அடிங்கப்பா' என்று சொல்லிப் பலனில்லை. அவர்கள் கையில் ஒரு உதவி கொடுக்க வேண்டும். அந்த உதவி விசைப்பலகையின் இடது ஓரத்தில் ஏற்கெனவே இருக்கிறது: டேப் விசை.

கறுப்புத் திரையில் நாம் அடிக்கும் கட்டளைகளைப் படித்து நடத்துவது பாஷ் ஷெல் என்ற நிரல். அதில் கோப்புப் பெயரின் முதல் இரண்டு எழுத்தை அடித்து டேப் தட்டினால் மீதியை அதுவே நிரப்பும். இதைப் பலரும் தினமும் பயன்படுத்துகிறார்கள். நம்முடைய சொந்தக் கட்டளைக்கு என்ன நிரப்ப வேண்டும் என்று பாஷுக்கு நாமே சொல்லிக்கொடுக்கலாம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. இந்த வசதி 2000-இல் வந்த 2.04 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. அதனால் உங்கள் கணினியில் கண்டிப்பாக இருக்கும், தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

தொடங்கும் முன் ஒரு ஏற்பாடு

இங்கே கட்டளைகளையும் தமிழில், உச்சரிப்பு எப்படியோ அப்படியே எழுதியிருக்கிறேன். கம்ப்ளீட், காம்ப்ஜென், கேட், நானோ போன்ற கட்டளைச் சொற்களையும், கழித்தல் குறிக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் நீங்கள் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். ஊர்ப்பெயர்கள், சரக்குப் பெயர்கள், பார்சல் என்ற கட்டளைப் பெயர், ஊர்கள் என்ற கோப்புப் பெயர் ஆகியவை தமிழிலேயே இருக்கும். குறிகளை அப்படியே போடுங்கள். மேற்கோள் குறி மட்டும் நேராக நிற்கும் சாதாரணக் குறியாக இருக்கட்டும். வாட்ஸாப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ எடுத்து ஒட்டினால் அது வளைந்த குறியாக மாறியிருக்கும், பாஷ் அதை மேற்கோளாக ஏற்காது.

உபுண்டுவில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துவிட்டால் விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தி மொழி மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: ஒரே வரியில் சோதனை

டெர்மினலை, அதாவது அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து இதை அடியுங்கள்:

கம்ப்ளீட் -டபிள்யூ "வேலூர் காட்பாடி குடியாத்தம் ஆற்காடு ஆம்பூர் ஆரணி வாலாஜா வாணியம்பாடி" பார்சல்

டபிள்யூ இங்கே பெரிய எழுத்து. என்டர் தட்டியதும் திரையில் எதுவும் வராது. பயப்பட வேண்டாம், வராமல் இருப்பதுதான் சரி. இப்போது பார்சல் என்று அடித்து, ஒரு இடம் விட்டு, 'குடி' என்று மட்டும் அடித்து டேப் தட்டுங்கள். குடியாத்தம் முழுசாக வந்து நிற்கும், பின்னால் ஒரு இடைவெளியும் விட்டிருக்கும்.

பார்சல் என்று ஒரு ஸ்கிரிப்ட் உங்களிடம் இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும். நிரப்பும்போது அந்தக் கட்டளை நிஜமாக இருக்கிறதா என்று பாஷ் பார்ப்பதில்லை, பெயரை மட்டும் பார்க்கிறது. பழகுவதற்கு இது ரொம்ப வசதி.

அப்புறம் 'ஆ' என்று அடித்து டேப் தட்டிப் பாருங்கள். ஒன்றும் நிரம்பாது. ஆற்காடு, ஆம்பூர், ஆரணி என்று மூன்று ஊர் இருப்பதால் எது என்று அதற்குத் தெரியவில்லை. இரண்டாம் முறை தட்டினால் மூன்றையும் வரிசையாகக் காட்டும். அடுத்த எழுத்தைச் சேர்த்துத் திரும்பவும் தட்ட வேண்டியதுதான்.

தமிழில் அடிக்கும்போது ஒரு சௌகரியம் உண்டு. 'க' என்று அடித்து இரண்டு முறை டேப் தட்டுங்கள். காட்பாடியும் வரும், குடியாத்தமும் வரும். நம் கண்ணுக்கு 'கா', 'கு' எல்லாம் தனித்தனி எழுத்து. கணினியோ முதலில் 'க', அதன் பின்னால் கால் அல்லது கொக்கி என்று இரண்டு குறியீடாகத்தான் சேமிக்கிறது. அதனால் முதல் எழுத்து எந்த மெய்யின் வரிசை என்று தெரிந்தாலே போதும், அது 'கா'வா 'கு'வா என்ற குழப்பம் இருந்தாலும் ஊரைப் பிடித்துவிடலாம்.

இதே காரணத்தால் ஒரு தலைவலியும் வரும். சோளிங்கர் என்ற ஊரைப் பட்டியலில் சேர்த்தபோது இரண்டு நாள் என்னைச் சுற்றவிட்டது. 'சோ' என்று அடித்து டேப் தட்டினால் பேச்சே இல்லை. திரையில் பார்த்தால் பட்டியலில் இருக்கும் 'சோ'வும் நான் அடித்த 'சோ'வும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பார்த்தால், ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். பட்டியலை நான் வேறொரு கோப்பிலிருந்து ஒட்டியிருந்தேன், அதில் இரண்டாக இருந்தது. ஒகர, ஓகார, ஔகார எழுத்துகள் வரும் ஊர்களை மட்டுமாவது, ஆபீஸில் பயன்படுத்தும் அதே விசைப்பலகையில் நீங்களே அடித்துச் சேருங்கள்.

இரண்டாம் படி: பட்டியலைத் தனிக் கோப்பில் வைத்தல்

ஊர் நாற்பது ஆனால் ஒரே வரியில் எழுத முடியாது. வீட்டு அடைவில் (ஹோம் ஃபோல்டரில்) 'ஊர்கள்' என்று ஒரு கோப்பு தொடங்கி, நானோ என்ற எழுதும் கருவியில் வரிக்கு ஒரு ஊராக எழுதுங்கள்:

நானோ ~/ஊர்கள்

எழுதி முடித்ததும் கண்ட்ரோல்-ஓ, என்டர், பிறகு கண்ட்ரோல்-எக்ஸ்.

எந்த எழுத்து நிற்க வேண்டும் என்று உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய இடம் இது. நாங்கள் பெரியவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்தோம். அவர் காலத்து ரசீதுகளில் வட ஆற்காடு மாவட்டம் என்று அச்சடித்திருக்கும். அந்த மாவட்டம் 1989-இல் இரண்டானது. அப்புறம் வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறி, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் பிரிந்தன. மாவட்டம் மாறினாலும் லாரி போகும் ஊர் மாறாது என்பதால் பட்டியலில் மாவட்டத்தை வைக்கவே இல்லை.

ஊர்ப்பெயருக்குள் இடைவெளி இருக்கக்கூடாது. 'வாலாஜா ரோடு' என்று எழுதினால் வாலாஜா ஒரு ஊர், ரோடு ஒரு ஊர் என்று பாஷ் பிரித்துக்கொள்ளும். நடுவில் அடிக்கோடு போட்டு வாலாஜா_ரோடு என்று எழுதிவிடுங்கள்.

மூன்றாம் படி: எந்த இடத்தில் எதைக் காட்டுவது

முதல் படியில் ஒரு குறை உண்டு. ஊரை அடித்த பிறகு சரக்குவகை அடிக்கும் இடத்தில் டேப் தட்டினாலும் ஊரையே காட்டும். முதல் இடத்தில் ஊர், இரண்டாம் இடத்தில் மூட்டை, பெட்டி, பண்டல் என்று வேண்டுமென்றால் ஒரு சின்னச் செயற்கூறு (ஃபங்ஷன்) எழுத வேண்டும். இந்த வேலைக்கு முக்கியமான சொற்கள் மூன்று.

காம்ப்ஜென்: கம்ப்ளீட் என்பதன் முதல் நான்கு ஆங்கில எழுத்தோடு ஜி, இ, என் சேர்த்தால் இது. ஒரு பட்டியலைக் கொடுத்தால், நாம் அடித்த எழுத்தில் தொடங்கும் சொற்களை மட்டும் பொறுக்கித் தரும். தனியாகவே அடித்துப் பார்க்கலாம்:

காம்ப்ஜென் -டபிள்யூ "மூட்டை பெட்டி பண்டல்" -- ப

பண்டல் மட்டும் வரும் என்று நினைத்தேன், பெட்டியும் சேர்ந்து வந்தது. மேலே சொன்ன அதே 'க' சங்கதிதான்.

காம்ப்_சிவேர்ட்: அதே நான்கு எழுத்து, அடிக்கோடு, சி, பிறகு சொல் என்பதற்கான ஆங்கிலச் சொல். எல்லாம் பெரிய எழுத்து. நாம் இப்போது எத்தனையாவது சொல்லில் நிற்கிறோம் என்ற எண் இதில் இருக்கும். கட்டளை பூஜ்யம், ஊர் ஒன்று, சரக்கு இரண்டு.

காம்ப்ரிப்ளை: அதே நான்கு எழுத்தோடு பதில் என்பதற்கான ஆங்கிலச் சொல், இதுவும் முழுக்கப் பெரிய எழுத்து. இதில் நாம் எதைப் போட்டுவைக்கிறோமோ அதைத்தான் டேப் காட்டும்.

இப்போது நானோவில் ~/.பாஷ்ஆர்சி கோப்பைத் திறங்கள். பெயர் ஆங்கிலத்தில், முன்னால் ஒரு புள்ளி. டெர்மினல் திறக்கும்போதெல்லாம் பாஷ் படிக்கும் கோப்பு இது. கடைசி வரிக்குக் கீழே இதைச் சேருங்கள்:

தேடு() {
  இஃப் [ $காம்ப்_சிவேர்ட் -ஈக்யூ 1 ]; தென்
    காம்ப்ரிப்ளை=( $(காம்ப்ஜென் -டபிள்யூ "$(கேட் ~/ஊர்கள்)" -- "$2") )
  எல்ஸ்
    காம்ப்ரிப்ளை=( $(காம்ப்ஜென் -டபிள்யூ "மூட்டை பெட்டி பண்டல்" -- "$2") )
  ஃபி
}
கம்ப்ளீட் -எஃப் தேடு பார்சல்

தேடு என்பது நான் வைத்த பெயர், ஆங்கில எழுத்தில் அடியுங்கள். கேட் என்பது கோப்பில் உள்ளதை அப்படியே எடுத்துத் தரும் கட்டளை. $2 என்பது நாம் பாதி அடித்து நிறுத்தியிருக்கும் சொல், பாஷே அதைக் கொண்டுவந்து கொடுக்கிறது. ஃபி என்பது இஃப் சொல்லைத் திருப்பிப் போட்டது, எஃப் முதலில் ஐ அடுத்து.

சதுர அடைப்புக்கு உள்ளே இரண்டு பக்கமும் இடைவெளி வேண்டும். சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி கூடாது. புதிதாக எழுதுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். கடைசி வரியில் எஃப் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சின்ன எழுத்து எஃப் போட்டால் பிழை எதுவும் காட்டாது, ஊருக்குப் பதில் கோப்புப் பெயர்களைக் காட்டத் தொடங்கிவிடும். காரணம் தெரியாமல் விழிப்போம்.

சேமித்து வெளியே வந்து, புதிதாக ஒரு டெர்மினல் திறந்து சோதியுங்கள். பழையதிலேயே வேண்டுமென்றால் சோர்ஸ் ~/.பாஷ்ஆர்சி என்று அடியுங்கள்.

வேலை செய்யாவிட்டால்

முதலில் கம்ப்ளீட் -பி பார்சல் என்று அடியுங்கள். பி சின்ன எழுத்து, அச்சிடு என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. நாம் எழுதிய கடைசி வரி திரும்பி வந்தால் பாஷ் அதைப் படித்துவிட்டது, தப்பு செயற்கூறுக்குள் இருக்கிறது. வராவிட்டால் கோப்பையே படிக்கவில்லை. ஏற்பாட்டை மொத்தமாக எடுத்துவிட கம்ப்ளீட் -ஆர் பார்சல்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு: 2019 முதல் அதில் இயல்பாக வருவது இஸட்-ஷெல். பாஷ் என்று அடித்து உள்ளே போய்ச் செய்துபாருங்கள்.

ஆபீஸில் இதை வைத்த முதல் நாள், பெரியவர் ஒற்றை விரலால் 'வா' அடித்தார், நான் சொன்னபடி டேப்பை இரண்டு முறை தட்டினார். வாலாஜா, வாணியம்பாடி இரண்டும் வந்ததும், "தம்பி, ணி போட்டா போதுமா, மீதிய அதுவே போட்டுக்குமா?" என்று கேட்டுவிட்டு அவரே போட்டுப் பார்த்தார். அன்று சாயங்காலம் லாரி கிளம்பும்வரை வாணியம்பாடி புக்கிங் எல்லாவற்றையும் அவர்தான் அடித்தார்.

போன வாரம் பேரணாம்பட்டுக்கு லாரி விடத் தொடங்கினார்கள். நான் காட்பாடி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். பையன் போன் செய்து, "அண்ணா, புது ஊரு வரமாட்டேங்குது" என்றான். இந்த ஒரு வரியைச் சொன்னேன்:

எக்கோ பேரணாம்பட்டு >> ~/ஊர்கள்

அம்புக்குறி இரண்டு. ஒன்று மட்டும் போட்டால் பழைய பட்டியல் மொத்தமும் அழிந்து பேரணாம்பட்டு மட்டும் மிஞ்சும் என்று இரண்டு தடவை சொன்னேன். ஒவ்வொரு முறை டேப் தட்டும்போதும் கோப்பைப் புதிதாகப் படிப்பதால் டெர்மினலை மூடித் திறக்கவும் தேவைப்படவில்லை. போனை வைக்கும் முன்பே, "வந்துடுச்சுண்ணா" என்றான்.