முதல் குளிர்காலம்: இருட்டும் மனசும்

ஸ்வெட்டர், பனிக்காலக் காலணி, கையுறை என்று குளிர் நாட்டுக்குப் புதிதாகக் குடிவருபவர்களுக்கு ஆளாளுக்கு ஒரு பட்டியல் தருவார்கள். இருட்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் டிசம்பரில், மாலை நாலரைக்கே ஜன்னல் கண்ணாடியில் தெரு மறைந்து என் முகம்தான் தெரியும். பத்து மணி நேரம் தூங்கியும் அசதி தீராது. இனிப்பைக் கண்டால் கை நிற்காது, போன் அடித்தால் எடுக்கப் பிடிக்காது. ஊர் நினைப்பு என்று நினைத்தேன். அப்புறம் சோம்பல் என்று என்னையே திட்டிக்கொண்டு மூன்று மாதத்தை ஓட்டினேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம்.

இதற்குப் பருவகால மனச்சோர்வு என்று பெயர். 1984-ல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் நார்மன் ரோசந்தாலும் குழுவினரும் இதை விவரித்து எழுதினார்கள். ரோசந்தாலும் நம்மைப் போல வெயில் நாட்டிலிருந்து குடிபெயர்ந்தவர்தான். தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர், அங்கே குளிர்காலத்தில் தன் சுறுசுறுப்பு குறைவதைத் தானே உணர்ந்தார்.

நம் விழித்திரையில் சில செல்கள் இருக்கின்றன. உருவங்களைக் காட்டுவது அவற்றின் முக்கிய வேலை அல்ல. வெளியே எவ்வளவு வெளிச்சம் என்று மூளையிலுள்ள உடல் கடிகாரத்துக்குத் தகவல் அனுப்புவதுதான். இருட்டினால் அந்தக் கடிகாரம், மூளையிலுள்ள பீனியல் சுரப்பியை மெலடோனின் என்ற, ராத்திரி வந்ததை உடம்புக்குச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்க விடுகிறது. காலை வெளிச்சம் பட்டதும் நிறுத்துகிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பகலின் நீளம் வருடம் முழுக்கப் பெரிதாக மாறாது. 60 டிகிரி வடக்கிலோ டிசம்பர் பகல் சுமார் 6 மணி நேரம்தான். சூரியன் வருமுன் எழுந்து கிளம்புகிறோம். உடம்பு வேலைக்குப் போய்விட்டது, மூளைக்கு இன்னும் ராத்திரி. இந்த நோய் உள்ளவர்களுக்குக் குளிர்கால இரவில் மெலடோனின் சுரக்கும் நேரம் கோடையைவிட நீள்கிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

செரடோனினும் இதில் சேர்ந்துகொள்கிறது. மனநிலையைச் சீராக வைக்கும் இந்த ரசாயனம் நரம்பு செல்களுக்கு இடையே வேலை செய்கிறது. அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள ஒரு புரதம் உண்டு. பாதிக்கப்பட்டவர்களுக்குக் குளிர்காலத்தில் அந்தப் புரதம் கூடுவதாகத் தெரிகிறது. அதனால் செரடோனின் சீக்கிரம் காலியாகிறது. மனத்திடம் பற்றிய அறிவுரை இங்கே பெரிதாக உதவாது.

உதவுவது காலை வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டு விளக்கு பெரும்பாலும் சில நூறு லக்ஸைத் தாண்டாது. மேகமூட்டமான பகலில்கூட வெளியே அதைப்போலப் பல மடங்கு இருக்கும். ஆகவே முடிந்த நாளெல்லாம் முற்பகலில் வெளியே நடங்கள். அது போதாதென்றால் 10,000 லக்ஸ் தரும், புற ஊதாக் கதிரை வடிகட்டும் லைட் பாக்ஸ் என்ற சிகிச்சை விளக்கு வாங்கலாம். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், அதன் செய்முறைக் குறிப்பு சொல்லும் தூரத்தில் வைத்து, 20 முதல் 30 நிமிடம் உட்காருங்கள். விளக்கை உற்றுப் பார்க்கக் கூடாது, கண் திறந்திருந்தால் போதும். நான் அதை மேஜையில் சற்றுச் சாய்வாக வைத்துக்கொண்டு செய்தித்தாள் படிப்பேன். ஒன்றிரண்டு வாரத்தில் பலருக்கு மாற்றம் தெரியும். மாலையில் போட்டால் தூக்கம்தான் கெடும்.

சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்தவர்கள், வேறு கண் நோய் உள்ளவர்கள், இருமுனை மனநோய் உள்ளவர்கள், வெளிச்சம் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. யாரோ சொன்னார்கள் என்று மெலடோனின் மாத்திரையும் வேண்டாம். தப்பான நேரத்தில் போட்டால் கடிகாரம் இன்னும் குழம்பும்.

வைட்டமின் டி தனிக் கதை. கருநிறத் தோலில் அது உருவாக அதிக வெயில் வேண்டும், வடக்கே குளிர்கால வெயிலுக்கு அந்த வலு கிடையாது. மனச்சோர்வை அது தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனாலும் எலும்புக்காக இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் டாக்டரிடம் போங்கள். "அசதியாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் இரும்புச்சத்து, தைராய்டு என்று பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம். நாள் குறுகத் தொடங்கியபோதுதான் இது ஆரம்பித்தது என்பதையும், தூக்கம், பசி, மனநிலை எப்படி மாறின என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மனச்சோர்வு மருந்தும் பேச்சு சிகிச்சையும் இதற்குக் கேட்கும். உயிரை விடத் தோன்றினால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அவசர எண்ணை அழையுங்கள்.