கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

போன மாதம் அக்கா மகன் இரண்டு வேலைக் கடிதங்களோடு வீட்டுக்கு வந்தான். ஒன்று கோலாலம்பூரில், பங்சார் சவுத்தில். இன்னொன்று இங்கேயே பினாங்கில், பாயான் லெப்பாஸில். "கேஎல்-ல 900 வெள்ளி (ரிங்கிட்) கூடத் தர்றாங்க சித்தி. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான்.

நான் புரோகிராம் எழுத ஆரம்பித்து 16 வருடம் ஆகிறது. மூன்று கம்பெனி பார்த்தாயிற்று. என்னைச் சந்தோஷமாக வைத்திருந்ததும், ராத்திரியில் அழ வைத்ததும் வேலைக் கடிதத்தில் ஒரு வரிகூட இருந்ததில்லை. அதையெல்லாம் நாமாகத்தான் கேட்டுப் பிடுங்க வேண்டும். அவனுக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

முதல் கேள்வி, "என் டீமில் மற்றவர்கள் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்?" சம்பளத்துக்கு முன்னால் இதைக் கேளுங்கள். பெங்களூர் என்றால் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால், கவலை இல்லை. ஜெர்மனி என்றால் அவர்களுடைய காலை 9 மணி நமக்குப் பிற்பகல் 3 அல்லது 4, சமாளிக்கலாம். கலிஃபோர்னியா என்றால்தான் கதை வேறு. அங்கே காலை 8 மணி மீட்டிங் நமக்கு இரவு 11 மணி. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் அதே மீட்டிங் நள்ளிரவுக்குப் போய்விடும். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை மீட்டிங் முடியும்போது நமக்குச் சனிக்கிழமை பிறந்திருக்கும். "எங்களிடம் நேரம் ரொம்ப ஃபிலெக்சிபல்" என்று சொல்வார்கள். யாருடைய பக்கம் வளைகிறது என்று கேளுங்கள். மீட்டிங் ஒரு வாரம் அவர்களுக்கு வசதியாகவும் மறுவாரம் நமக்கு வசதியாகவும் மாறுகிறதென்றால் அது நல்ல இடம். நான் அப்படி ஒரே ஒரு டீமைத்தான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஆன்-கால், அதாவது சிஸ்டம் எந்த நேரத்தில் பழுதானாலும் ஃபோனை எடுத்துச் சரிசெய்ய முறை போட்டுக் காத்திருப்பது. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "ஆன்-கால் உண்டா?" என்று கேட்டால் "எப்போதாவதுதான்" என்று பதில் வரும். கேள்வியை மாற்றிப் போடுங்கள். முறை மாற்றிக்கொள்ளும் சுற்றில் எத்தனை பேர்? போன மாதம் இரவு 12-க்கு மேல் எத்தனை முறை ஃபோன் அடித்தது? அடித்தால் மறுநாள் தாமதமாக வரலாமா? அலவன்ஸ் எவ்வளவு? எட்டுப் பேர் சுற்றில் இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு வாரம். மூன்றே பேர் என்றால் பாதி வாழ்க்கை போய்விடும்.

ஒரு தைப்பூசத்தன்று நான் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில், ஜாலான் கெபுன் புங்காவில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் நின்றுகொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. பினாங்கில் அன்று பொது விடுமுறை. ஆனால் ஆன்-கால் அட்டவணை போட்டது தலைமை அலுவலகம், அவர்களுடைய காலண்டரில் தைப்பூசம் ஏது? பாட்டில் தண்ணீர்ப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். பின்னால் உருமி மேளம். ஃபோனில் அந்தப் பக்கம் இருந்தவர், "ஏதாவது பார்ட்டியில் இருக்கிறீர்களா?" என்று கேட்டார். ஆமாம், முருகனோடு என்று சொல்ல நாக்கு வரை வந்தது. ஆகவே, "உள்ளூர் விடுமுறை அட்டவணையில் இருக்குமா?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அதற்கு அவர்கள் முழிக்கும் முழியே பாதி பதில்.

மலேசியச் சட்டம் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம் என்று குறைத்தார்கள், சரி. ஆனால் சட்டப்படி ஓவர்டைம் கேட்கும் உரிமை மாதம் 4,000 வெள்ளி வரை வாங்குபவர்களுக்குத்தான். அதற்கு மேல் வாங்கும் எஞ்சினியருக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் கதி. அதனால் ஆன்-கால் அலவன்ஸை வாய்ச்சொல்லாக விடாமல் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். வீட்டிலிருந்து வேலை செய்வதும் அப்படித்தான். நாம் எழுத்தில் விண்ணப்பித்தால் முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பதில் "முடியாது" என்றும் இருக்கலாம்.

பினாங்குக்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "என்ன செய்வதென்று முடிவெடுப்பது இந்த அலுவலகமா?" 1972-ல் பாயான் லெப்பாஸில் இன்டெல் போன்றவை கால் வைத்த காலத்திலிருந்து நம் ஊருக்கு இது பழைய வியாதி. என் அம்மா ஒரு ஃபேக்டரியில் மூன்று ஷிஃப்டும் மாறி மாறி மைக்ராஸ்கோப்பில் சில்லு பார்த்தவர். எந்தச் சில்லு, ஏன், எதற்கு என்பதெல்லாம் கடல் கடந்து வரும். இன்று இங்கேயே டிசைன் நடக்கிறது, மென்பொருளும் எழுதுகிறோம். ஆனாலும் சில இடங்களில் வெளிநாட்டில் எழுதி அனுப்பும் டிக்கெட்டை, அதாவது வேலைச் சீட்டை, முடித்து மூடுவதுதான் முழு வேலை. சம்பளம் நன்றாக இருக்கும், ஏசி குளிரும், மூன்றாம் வருடம் மனசு வறண்டுவிடும். "கடைசியாக இந்த ஆபீஸ் ஆள் ஒருவர் சொன்ன யோசனை எது வெளியே போனது?" என்று கேளுங்கள். உதாரணம் சட்டென்று வந்தால் நல்லது. மேனேஜர் ஆகாமலே இங்கே எவ்வளவு உயரம் போகலாம் என்பதையும் இதே மூச்சில் கேட்டுவிடலாம்.

எனக்கு வேலையில் மிகப் பிடித்தது எது என்றால், காலையில் எழுதிய ஒரு சின்னத் திருத்தம் மாலைக்குள் ஆட்கள் கையில் ஓடுவதைப் பார்ப்பதுதான். ஒரு கம்பெனியில் அது நடந்தது. இன்னொன்றில் ஒரே ஒரு வரியை மாற்ற மூன்று வாரம், ஐந்து பேர் ஒப்புதல். "ஒரு வரி மாற்றினால் எத்தனை நாளில் வெளியே போகும்?" இந்தக் கேள்வியை மேனேஜரிடம் கேட்காமல், இன்டர்வியூவில் வரும் சக எஞ்சினியரிடம் கேளுங்கள். சிரித்தாரென்றால் புரிந்துகொள்ளுங்கள்.

பணத்தை வேகமாகப் பார்த்துவிடுவோம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பயண அலவன்ஸுக்கு ஈபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமிப்பு நிதி) கிடையாது. 5,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் என்றால் முதலாளி சட்டப்படி போட வேண்டியது 12 விழுக்காடு. அதற்கு மேல் போடுகிறார்களா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கடைசியாக, ஒரு நாள் மாலை 7 மணிக்கு அந்தக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் போய் நில்லுங்கள். எத்தனை கார் மிச்சம்? பாயான் லெப்பாஸில் இந்தக் கணக்கு கொஞ்சம் தப்பும். கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் இருந்து வரும் ஆட்கள் பாலத்தில் நெரிசல் குறையட்டும் என்று வேண்டுமென்றே உட்கார்ந்திருப்பார்கள். அதனால் இரண்டு நாள் பாருங்கள். முடிந்தால் அங்கே இருந்து விலகிய ஒருவருக்கு ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் டீ) வாங்கிக் கொடுங்கள். "ஏன் விலகினீர்கள்?" என்றால் மழுப்புவார். "கடைசி மாதம் எப்படி நடத்தினார்கள்?" என்று கேளுங்கள், கொட்டிவிடுவார்.

அக்கா மகன் இரண்டு இடத்துக்கும் இதே கேள்விகளை எழுதி அனுப்பினான். கேஎல் மேனேஜர் அன்று மாலையே ஃபோன் செய்து, சுற்றில் ஆறு பேர், போன மாதம் நான்கு முறை அடித்தது, அதில் இரண்டு எங்கள் தப்பு என்று ஒளிக்காமல் சொன்னார். பாயான் லெப்பாஸ் எச்ஆர் "திரும்ப அழைக்கிறோம்" என்றார்கள், இன்னும் அழைக்கவில்லை. பையன் பினாங்கிலேயே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட நான்தான் இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் அவனுக்கு அறை தேடிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் இருக்கும் கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ரயில் ஏறினால், பங்சார் சவுத்துக்கு இறங்கும் கெரிஞ்சி மூன்றாவது ஸ்டேஷன்.