காண்ட்ராவை மூன்று உயிர்களில் ஆடப் பழகுவது எப்படி?

ராயபுரத்தில் என் அக்கா மகனுக்குக் காண்ட்ரா என்ற பழைய வீடியோ கேமைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இன்றைய கேம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது முதலில் எரிச்சலூட்டும். ஒரே ஒரு தோட்டா பட்டாலும் உயிர் போய்விடும், கையிலிருந்த நல்ல துப்பாக்கியும் போய்விடும். 1987-இல் ஆர்கேடுக்காக, அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திரங்களுக்காக, வந்த கேம் இது. ஆடுபவர் சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த காசு விழும். வீட்டில் டிவியில் ஆடும் கேமாக வந்த பிறகும் அந்தக் கடுமை குறையவில்லை.

முதல் கட்டத்தை மனப்பாடம் செய்யுங்கள். பாலத்தில் கால் வைத்ததும் அது துண்டு துண்டாக வெடிக்கும். பதற வேண்டாம், கீழே தண்ணீரில் விழுந்தால் உயிர் போகாது. அங்கே கீழ் பட்டனை அழுத்திப் பிடித்தால் வீரன் மூழ்கிக்கொள்வான், தோட்டா படாது. ஆனால் மூழ்கியபடி சுட முடியாது. ஆகவே தோட்டா கடந்ததும் எழுந்து சுடுங்கள். 'எஸ்' எழுத்துள்ள சின்னத்தைத் தவறவிடாதீர்கள். அந்தத் துப்பாக்கி ஒரே நேரத்தில் ஐந்து தோட்டாக்களை விரித்துச் சுடும்.

இப்போது கேம்களே கை கொடுக்கின்றன. 2018-இல் வந்த செலஸ்ட்டில் வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம். ஹேடீஸில் 'காட் மோட்' போட்டால், ஒவ்வொரு முறை சாகும்போதும் தாங்கும் சக்தி கூடும். இவற்றைப் பயன்படுத்துவதில் எந்தக் குறைவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

காண்ட்ராவிலும் அப்படி ஒரு வழி உண்டு. தலைப்புத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ, ஸ்டார்ட் என அழுத்தினால் 30 உயிர்கள் கிடைக்கும். முதலில் அதை வைத்து எல்லாக் கட்டங்களையும் பார்த்துவிடுங்கள், பிறகு மூன்றுக்கு வாருங்கள்.